திருகோணமலையும் கலம் பேணும் கலையும்



திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றைக் கூற முற்படுவோர் பெரும்பாலும் இரண்டு இடங்களுள் ஒன்றிலிருந்தே தொடங்குவர். ஒரு சாரார் கோணேசர் கோயில் கொண்டிருக்கும் சுவாமிமலையிலிருந்து தொடங்குவர். மற்றொரு சாரார் பிரெடெரிக் கோட்டையையும் ஒஸ்டன்பேர்க் கோட்டையையும் சுட்டிக்காட்டி, போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஒருவர் பின் ஒருவராக இவ்விடத்துக்காகப் போரிட்ட கதையைக் கூறுவர். இரண்டும் சிறந்த தொடக்கங்களே. ஆயின் இன்று நான் மூன்றாவதோர் இடத்திலிருந்து தொடங்க விரும்புகின்றேன். கோயிலும் அன்று, கோட்டையும் அன்று. கலங்களைச் சாய்த்துப் போட்டுப் பாசி சுரண்டி, ஓட்டை அடைத்து, பாய் தைத்து, கயிறு முறுக்கி, மீண்டும் கடலுக்கு அனுப்பிய அந்த நீரோரமே நாம் இன்று நிற்கப் போகும் இடம்.

துறைமுகம் எதற்கு என்று கேட்டால், சரக்கை ஏற்றவும் இறக்கவும் என்று உடனே விடை வரும். பாய்க்கப்பல்களின் காலத்தில் அவ்விடை பாதி உண்மையே. சரக்கை ஏற்றி இறக்கத் திறந்த கடற்கரையே போதுமாயிருந்தது. சென்னையில் அலைமேல் சென்ற மசூலாப் படகுகள் அத்தொழிலைச் செய்து வந்தன. ஆனால் நோயுற்ற கப்பலைத் திறந்த கடலில் வைத்துக் குணப்படுத்த இயலாது. அதற்கு அலையற்ற நீர் வேண்டும். காற்றை மறைக்கும் மலை வேண்டும். கரையை ஒட்டி ஆழம் வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே அமைந்த இடம் சோழமண்டலக் கரை முழுவதிலும் இல்லை. ஐப்பசி பிறந்து வாடைக் காற்று எழுந்துவிட்டால், கோடிக்கரை முதல் மசூலிப்பட்டினம் வரை நங்கூரமிட்டு நிற்கும் எந்தக் கப்பலுக்கும் உயிருக்கு உறுதியில்லை. அம்மூன்றையும் ஒருங்கே உடைய திருகோணமலை, கடல் கடந்து சிறிது தெற்கே இருந்தது. அதன் பெருமைக்கு முதற் காரணம் இதுவே.

இதனை மெய்ப்பிக்கும் கதை ஒன்று உண்டு. 1659ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் மசூலிப்பட்டினத்தில் வீசிய பெரும் புயலில், ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியாரின் பணியில் வந்திருந்த 'ஆன்' என்னும் கப்பல் தன் நடுப்பாய்மரத்தை இழந்தது. பாய்மரம் இல்லாத கப்பல் சிறகு ஒடிந்த பறவையன்றோ? புதிய மரம் நாட்டுவதற்காக அக்கப்பல் திருகோணமலைக்குத் தெற்கேயுள்ள கொட்டியாரக் குடாவுக்கு அனுப்பப்பட்டது. கப்பல் தலைவர் ரொபேட் நொக்ஸ். அவருடன் அதே பெயர் கொண்ட அவர் மகனும் இருந்தான், வயது 19.

கரையில் இறங்கியவர்களைக் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் 1660இல் சிறைப்பிடித்தனர். தந்தை, மகன் உட்பட 16 பேர் அகப்பட்டனர். அப்போது தந்தையின் செய்தியைக் கப்பலில் உள்ளவர்களிடம் சேர்க்கும்படி மகன் அனுப்பப்பட்டான். கப்பலில் ஏறியவன் அங்கேயே தங்கித் தப்பியிருக்கலாம். ஆனால் தந்தைக்குக் கொடுத்த வாக்கின்படி அவன் திரும்பிக் கரைக்கு வந்தான். கப்பல் சென்றது; அவர்கள் நின்றனர். தந்தை மறு ஆண்டே இறந்தார். மகன் ஏறக்குறைய 20 ஆண்டுகள் இலங்கையின் உள்நாட்டில் சிறையிருந்து, 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பிச் சென்றான். அவன் எழுதி 1681இல் இலண்டனில் வெளிவந்த நூலை வரலாற்று மாணவர் யாவரும் அறிவர். இலங்கையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுந்த அப்பெரும் நூலுக்கு மூலகாரணம், ஒரு பாய்மரம் முறிந்ததும், அதனைச் சீர்செய்ய அமைதியான நீர் தேவைப்பட்டதுமே ஆகும்.

பாய்மரம் முறிவது கண்ணுக்குத் தெரியும் கேடு. கண்ணுக்குத் தெரியாத கேடு நீர்க்கோட்டின் கீழே நிகழ்வது. வெப்பக் கடலில் ஒரு மரக்கலம் சில திங்கள் நின்றால், அதன் அடிப்புறம் தோட்டமாகிவிடும். பாசி படரும், ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் சிற்றுயிர்கள் கோடிக்கணக்கில் குடியேறும். கலத்தின் வேகம் குறையும். இவற்றினும் கொடியது கப்பற்புழு. புழு என்று பெயர் பெற்றிருப்பினும் அது சிப்பி இனத்தைச் சேர்ந்தது. அதன் தலைப்பக்கத்தில் உள்ள இரு சிறு ஓடுகளும் அரம்போல் மரத்தை அராவித் துளைக்கும். உள்ளே புகும்போது ஊசிமுனையளவு துளை. உள்ளே வளர்ந்தபின் விரல் பருமன் சுரங்கம். வெளியிலிருந்து பார்ப்பவனுக்குப் பலகை நல்ல பலகையாகவே தோன்றும். ஒருநாள் பெரிய அலையொன்று மோதும்போதுதான் அது தேன்கூடாக இருந்த செய்தி தெரியவரும்.

இதற்கு மருந்து, கலத்தின் அடியை வெயிலுக்குக் காட்டுவதே. சிறு கலமானால் கரையேற்றலாம். நூற்றுக்கணக்கானோர் வாழும் போர்க்கப்பலை எவ்வாறு கரையேற்றுவது? வற்றுப்பெருக்கு மிகுந்த நாடுகளில் கடல் ஏறும்போது கப்பலைக் கரையருகே கொண்டுவந்து நிறுத்துவர். கடல் வற்றும்போது அடி தானே வெளிப்படும். திருகோணமலையில் அவ்வழி இல்லை. இங்கே கடல் ஏறி இறங்கும் அளவு 3 அடிக்கும் குறைவு. ஆகவே கப்பலைப் பக்கவாட்டில் சாய்க்க வேண்டியிருந்தது. முதலில் பீரங்கிகளை இறக்குவர். பின்னர் அடிப்பாரத்தையும் உணவுப் பீப்பாய்களையும் இறக்குவர். பாய்மரத்தின் உச்சியிலிருந்து பருத்த ஆலாத்துகளைக் கரையிலுள்ள சுழல் உருளைகளுக்கோ பக்கத்தில் நிறுத்திய பழங்கப்பலுக்கோ இழுத்துக் கட்டுவர். ஆட்கள் பலர் உருளையைச் சுற்றச் சுற்றக் கப்பல் மெல்லச் சாய்ந்து, கடைசியில் ஏராமரம் நீருக்கு மேல் தோன்றும். அப்பக்கத்துப் பாசியைத் தீயால் பொசுக்கிச் சுரண்டி, பலகைகளின் மூட்டுகளில் கலப்பத்துப் பார்த்து, எண்ணெயும் பிசினும் பூசுவர். பிறகு கப்பலை நிமிர்த்தி மறுபக்கம் சாய்ப்பர். ஒரு துவாரத்தை மூட மறந்தாலும் சாய்ந்த கப்பல் சாய்ந்தபடியே மூழ்கும். சிறிது காற்று எழுந்தாலும் பாய்மரம் முறியும். உள்துறைமுகத்தின் குளம் போன்ற அமைதி இத்தொழிலுக்கு எவ்வளவு அரிய செல்வம் என்பதை இதிலிருந்து உணரலாம்.

1761இல் ஆங்கிலேயர் 'அலாரம்' என்னும் போர்க்கப்பலின் அடியைச் செம்புத் தகட்டால் போர்த்திப் பார்த்தனர். புழு அணுகவில்லை, பாசியும் குறைந்தது. ஆனால் செம்பும் இரும்பும் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தமையால் இரும்பு ஆணிகள் அரித்துத் தேய்ந்தன. ஒரு நோய்க்கு இட்ட மருந்து மற்றொரு நோயை விளைத்தது. இரும்பு ஆணிகளுக்குப் பதிலாகச் செம்புக் கலவை ஆணிகளை இடத் தொடங்கிய பின்னரே அம்மருந்து முழுமை பெற்றது. உலோகம் இரண்டைச் சேர்க்குமுன் ஆராய வேண்டும் என்னும் இப்பாடம் இன்றும் ஒவ்வொரு படகுக் கொட்டிலிலும் உயிருடன் இருக்கின்றது.

இனி 1782ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு சனவரியில் ஆங்கிலத் தளபதி எட்வேட் ஹியூஸ் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைக் கைப்பற்றினார். அதே ஆண்டு ஆகஸ்டு முடிவில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் அதனை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றினார். சதுரங்கப்பட்டினத்தின் அருகே, நாகப்பட்டினத்தின் அருகே என்று ஹியூசும் சஃப்ரனும் அவ்வாண்டில் மீண்டும் மீண்டும் மோதினர். செப்டம்பர் 3ஆம் நாள் திருகோணமலைக்கு வெளியே நடந்த போரில் சஃப்ரனின் தலைமைக் கப்பலான 'ஏரோ' தன் நடுப்பாய்மரத்தை இழந்தது. சில நாட்களின் பின், துறைமுகத்துள் திரும்பும்போது 'ஓரியாந்து' என்னும் கப்பல் பாறையில் தட்டி அழிந்தது.

இப்போர்களைப் பற்றி எழுதுவோர் பீரங்கிகளை எண்ணுவர். சஃப்ரனோ பாய்மரங்களை எண்ணினார். அவருக்கு இக்கடலில் சொந்தப் பணிமனை இல்லை. மரம் இல்லை, கயிறு இல்லை. பெரிய கப்பலின் மரம் முறிந்தால் சிறிய கப்பலின் மரத்தைக் கழற்றி அதற்கு நாட்டினார். அவருடைய கப்பல்களுள் சிலவற்றுக்கே செம்புத் தகடு இருந்தமையால் அணி ஒரே வேகத்தில் செல்லவும் இயலவில்லை. ஆகவே அவர் திருகோணமலையை நாடியது கோட்டைக்காக மட்டுமன்று. எதிரியின் நிலையும் இதையே காட்டுகின்றது. அத்துறைமுகத்தை இழந்த ஹியூஸ், அக்டோபரில் வாடை தொடங்கியதும் சென்னையை விட்டுப் பம்பாய்க்குச் செல்ல நேர்ந்தது. கப்பல்களைச் செப்பனிடும் உலர்துறை அங்கே 1750 முதல் இருந்தது. அவர் சென்னைக்குத் திரும்பியது 1783 ஏப்ரலில். ஏறக்குறைய 6 திங்கள் சோழமண்டலக் கரை காவலற்றுக் கிடந்தது. பழுதுபார்க்கும் இடம் தொலைவில் இருந்தமைக்குக் கொடுத்த விலை அது.

அதே வேளையில் மற்றொன்றையும் கூற வேண்டும். துறைமுகத்தைக் கையில் வைத்திருந்த சஃப்ரனும் அவ்வாண்டு மாரிக்காலத்தைச் சுமாத்திராவின் அச்சேயில்தான் கழித்தார். மார்ச்சில் திருகோணமலைக்குத் திரும்பிக் கப்பல்களைச் சீர்செய்தார். திருகோணமலையின் சுற்றுப்புறம் அந்நாளில் பெரும் படையொன்றை உண்பிக்கும் வளம் பெற்றிருக்கவில்லை. ஒதுங்க இடம் கிடைப்பது வேறு, பேணப்படுவது வேறு. மலையும் ஆழமும் இயற்கை தந்தவை. மரமும் கயிறும் உணவும் தொழிலாளரும் மனிதர் சேர்த்து வைக்க வேண்டியவை. இயற்கை எத்தனை கொடுத்தாலும் மறுபாதியை மனிதரே நிரப்ப வேண்டும்.

பேரரசுகளின் கதையை இத்துடன் நிறுத்தி, நம்மவர் கலங்களைப் பார்ப்போம். கீழைக்கரை மீனவருக்கு ஆண்டில் இரண்டு பருவங்கள். சித்திரை முதல் புரட்டாதி வரை, சோளகமும் கச்சானும் நிலத்தின் மேலாக வீசும் காலத்தில், இக்கரைக் கடல் பெரும்பாலும் அமைதியாயிருக்கும். மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும் அக்காலத்தில் நீர்கொழும்பு முதலிய இடங்களிலிருந்து மீனவர் இங்கே வந்து தொழில் செய்வது நெடுநாள் வழக்கம். வாடை எழுந்ததும் வள்ளங்கள் கரையேறும். அக்காலத்தை ஓய்வுக்காலம் என்று எண்ணுதல் தவறு. கரையேறிய கலம் காய்கின்றது. காயும்போது புழு சாகின்றது. தச்சன் பலகைகளைத் தட்டிப் பார்த்து, ஒலி வேறுபடும் இடத்தைக் குறித்துக்கொள்கின்றான். மூட்டுகளில் பஞ்சையும் நாரையும் திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி ஊற்றுகின்றான். அடிக்குச் சுண்ணாம்பும் எண்ணெயும் அரைத்துப் பூசுவது இந்தியக் கரைகளில் மரக்கலங்களுக்குரிய பழைய காப்பு. சாய்த்துச் சீர்செய்த பெருங்கப்பலின் தொழிலும் இதுவே, அளவில்தான் வேறுபாடு.

இவ்விடத்தில் நமக்கு மிகவும் வேண்டிய கேள்வி எழுகின்றது. ஒரு கலம் ஒருவனுக்கே உரியதானால், அவன் அதைப் பேணுவான். பேணாவிடில் அவனே இழப்பான். கலம் பலருக்கு உரியதானால், பேணுபவர் யார்?

கரைவலைத் தொழிலில் இதற்குப் பழைய விடை ஒன்று உண்டு. பிடித்த மீனை ஆட்களுக்குள் மட்டும் பகிர்ந்துவிடுவதில்லை. ஆட்களின் பங்கு தனி. வலைக்கும் படகுக்கும் உரிய பங்கு தனி. உடைமையாளர் கையில் சேரும் அப்பங்கிலிருந்தே அறுந்த வலையும் உளுத்த பலகையும் மாற்றப்பட வேண்டும். எண்ணிப் பார்த்தால் இஃது ஆழ்ந்த அறிவு. கலமும் உழைத்தது; ஆகவே கலத்துக்கும் கூலி உண்டு. அக்கூலியை மனிதர் உண்டுவிட்டால் மறு ஆண்டு கலம் உழைக்காது. கடலோடிய பெருந்தோணிகளிலும் ஒருவரே முழு உடைமையாளராக இராமல் உறவினர் பலர் பங்காளராக இருத்தல் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலச் சட்டமும் ஒவ்வொரு கப்பலின் உடைமையையும் 64 பங்குகளாக வகுத்தது. ஆனால் பங்காளர் எத்தனை பேராயினும் கலத்தைப் பொறுப்பேற்று நடத்தியவர் ஒருவரே. அவரைத் தண்டையல் என்று அழைத்தனர். பங்கு பலருடையது; பொறுப்பு ஒருவருடையது.

அம்முறையில் பேணப்பட்ட தமிழ்க்கலங்கள் எவ்வளவு தூரம் சென்றன என்பதற்குச் சான்று, வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி'. 89 அடி நீளமுள்ள அந்தப் பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்கினார். 1937இல் வல்வெட்டித்துறையிலிருந்து புறப்பட்ட அது, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்திலுள்ள குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. நம்மூர் மரத்தில் நம்மூர்த் தச்சர் செய்து, நம் மாலுமிகள் செலுத்திய கலம் அட்லாண்டிக்கைக் கடந்தது. கட்டியவர் கைத்திறன் பாதி என்றால், வழிநெடுக அதனைப் பார்த்துப் பார்த்துப் பேணியவர் கைத்திறன் மறுபாதி.

திருகோணமலையின் பெயரையே தாங்கிய கப்பல் ஒன்றும் உண்டு. 1782இல் நடந்த போரின் நினைவாகப் பெயரிடப்பட்ட 'திருகோணமலை' என்னும் போர்க்கப்பலைப் பம்பாயில் வாடியா குலத்துத் தலைமைச் சிற்பி ஜம்சேத்ஜி பொமன்ஜி தேக்கு மரத்தால் கட்டினார். 1817 அக்டோபர் 12ஆம் நாள் அது நீரில் இறங்கியது. 1819இல் இங்கிலாந்தை அடைந்தபோது போர்கள் முடிந்திருந்தன. அக்கப்பலுக்கு வேலை இல்லை. ஆயினும் அதனை மழையிலும் பனியிலும் போட்டுவிடவில்லை. பாய்மரங்களை இறக்கி, மேலே கூரை வேய்ந்து, ஏறக்குறைய 25 ஆண்டுகள் போர்ட்ஸ்மவுத் துறையில் காத்து வைத்தனர். பின்னர் அது கடலோடியது. பெயர் மாறி 1986 வரை இளைஞருக்குப் பயிற்சிக் கலமாக விளங்கியது. 2001இல் பெரும் திருத்தப்பணி நிறைவேறி, பழைய பெயருடன் இன்றும் ஹாட்டில்பூல் நகரில் நீரில் மிதக்கின்றது. 200 ஆண்டுகளைத் தாண்டிய அக்கலம் தேக்கின் வலிமையால் மட்டும் நிலைக்கவில்லை. ஓடாத காலத்திலும் அதற்குக் கூரை இட்டவர் இருந்தனர்.

இனிப் பொழுதுபோக்குக்காகப் பாய் விரிக்கும் சிறு படகுகளைப் பற்றிச் சில சொற்கள். பலர் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்துப் படகோட்டும் வழக்கத்துக்கு அயர்லாந்தின் கோர்க்குத் துறைமுகத்தில் 1720இல் எழுந்த நீர்ச்சங்கத்தை முதலாவதாகக் கூறுவர். தொடக்கத்தில் அதன் உறுப்பினர் தொகை 25க்கு மேற்படலாகாது என்று விதி வகுத்திருந்தனர். அதே நாட்டின் டப்ளின் குடாவில் 1887இல் புதியதோர் ஏற்பாடு தோன்றியது. படகுகள் யாவும் ஒரே அளவு, ஒரே அமைப்பு. செல்வருக்குச் சிறந்த படகு, மற்றவருக்குத் தாழ்ந்த படகு என்பது அங்கில்லை. இதனால் விளைந்த நன்மை போட்டியின் நேர்மை மட்டுமன்று. ஒரு படகின் பாய் கிழிந்தால் மற்றொன்றின் பாய் அதற்குப் பொருந்தும். ஒரு படகைச் சீர்செய்யக் கற்றவன் எல்லாவற்றையும் சீர்செய்வான். தமிழ்நாட்டிலும் 1911இல் சென்னைத் துறைமுகப் பொறுப்பாட்சியின் தலைவராயிருந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் பாய்ப்படகுச் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தார். அச்சங்கம் இன்றும் உண்டு.

திருகோணமலையில் இந்தப் பாய்ப்படகுப் பழக்கத்தை வளர்த்தது கடற்படை. ஆங்கிலப் போர்க்கப்பல் ஒவ்வொன்றிலும் சிறு படகுகள் இருந்தன. அவற்றுள் பெயர் பெற்றது 27 அடி நீளமும் ஐந்து துடுப்புகளும் இரண்டு பாய்மரங்களும் கொண்ட 'வேலர்' படகு. அப்படகு எவருக்கும் சொந்தமன்று, கப்பலுக்குச் சொந்தம். ஆயினும் ஒவ்வொரு படகுக்கும் பெயர் குறித்த தலைவன் ஒருவன் உண்டு. அதில் ஏறுபவர் அதிகாரியாயினும், படகின் நலத்துக்கு விடை கூறவேண்டியவன் அவனே. நம் தண்டையல் முறையும் இதுவும் ஒன்றே என்பதை நேயர்கள் கவனித்திருப்பீர்கள். வெவ்வேறு கடல்களில் வாழ்ந்தவர், ஒருவரையொருவர் கேளாமலே ஒரே முடிவுக்கு வந்தனர்.

பொறுப்பும் கணக்கும் தவறினால் எவ்வளவு பெரிய கலமும் தப்பாது என்பதைக் காட்டிய நிகழ்ச்சியும் இத்துறைமுகத்திலேயே நடந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1944 ஆகஸ்டு 8ஆம் நாள், 'வேலியன்ற்' என்னும் பெரும் போர்க்கப்பலை மிதக்கும் உலர்துறை ஒன்றில் ஏற்றித் தூக்கிக்கொண்டிருந்தனர். கப்பலின் பாரம் எங்கெங்கே எவ்வளவு என்பதற்கு ஏற்ப உலர்துறையின் நீர்த்தொட்டிகளை வெறுமையாக்க வேண்டும். அவ்வளவு பொருந்தாமையால் உலர்துறை முறிந்து மூழ்கியது. கப்பலின் பின்புறத்துச் சுழலிகள் சேதமுற்றன. பகைவர் குண்டு எதுவும் விழவில்லை. பேணுவதற்கென்று ஏற்றிய இடத்திலேயே, பேணும் முறையில் நேர்ந்த பிழையால் விளைந்த கேடு அது.

1957 அக்டோபர் 15ஆம் நாள் இக்கடற்படைத் தளம் இலங்கையின் கைக்கு வந்தது. 1967 முதல் கடற்படையின் பயிற்சிக் கலாசாலை இங்கே நடைபெறுகின்றது. அங்கே பாய்ப்படகு செலுத்துதலும் இளைஞருக்குக் கற்பிக்கப்படுகின்றது. படகின் பலகை இன்று பெரும்பாலும் கண்ணாடி நாராலானது. கப்பற்புழு அதைத் தின்னாது. அதனால் பேணும் வேலை தீர்ந்தது என்று எண்ணுபவர் ஏமாறுவர். உப்பு உலோகத்தை அரிக்கின்றது. வெயில் பாயின் நூலை மக்கச் செய்கின்றது. ஈரத்தோடு சுருட்டிய பாய் பூஞ்சணம் பிடிக்கின்றது. கப்பியில் உராயும் கயிறு, உராயும் அந்த ஓரிடத்திலேயே அறுகின்றது. அடியிலுள்ள நீர்ப்போக்குத் துளையின் அடைப்பானை மாட்ட மறந்தால், புதிய படகும் பழைய படகைப் போலவே மூழ்குகின்றது.

பொதுப்படகு இவற்றால் விரைவில் கெடுவதற்குக் காரணம் தீய எண்ணமன்று. காலையில் ஓட்டியவர் சுக்கானின் ஆணி தளர்ந்திருப்பதைக் காண்கின்றார். அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று செல்கின்றார். அடுத்தவரும் அவ்வாறே எண்ணுகின்றார். மூன்றாமவர் துறைமுக வாயிலில் காற்று மாறும்போது சுக்கானைத் திருப்புகின்றார். ஆணி கழன்று விழுகின்றது. மூவரும் நல்லவர்களே. ஆயின் நடுக்கடலில் தவிப்பவர் அந்த மூன்றாமவர். அவர் பெரும்பாலும் பழக்கம் குறைந்த மாணவராகவே இருப்பார். பொதுக்கலத்தைப் பேணுதல் மரத்தையும் பாயையும் காப்பது மட்டுமன்று. நமக்குப் பின்னே ஏறப்போகும், நாம் முகம் அறியாத ஒருவரின் உயிரைக் காப்பதுமாகும்.

வரலாறு இதற்குச் சொல்லும் வழி மிக எளிது. முதலாவது, ஒவ்வொரு படகுக்கும் ஒரு தண்டையல் வேண்டும். 'எல்லோரும் கவனிக்கவும்' என்று பலகையில் எழுதுவதை விட, 'இப்படகை இன்னார் கவனிப்பார்' என்று எழுதுவது பயன் தரும். இரண்டாவது, கரைவலைக்காரர் செய்வதுபோல, திரளும் பணத்தில் படகின் பங்கை முதலில் எடுத்துவைக்க வேண்டும். மூன்றாவது, கண்ட குறையை அன்றே ஏட்டில் எழுத வேண்டும். எழுதியவரை இகழ்தல் ஆகாது. குறை சொன்னவரே உடைத்தவர் என்று ஐயுறும் இடத்தில் ஒருவரும் குறை சொல்லமாட்டார். நான்காவது, கரை சேர்ந்ததும் நன்னீரால் கழுவி, பாயை உலர்த்தி, கயிற்றைச் சுருட்டி வைத்த பின்னரே அன்றைய பயணம் முடிந்ததாகக் கொள்ள வேண்டும். ஐந்தாவது, வாடைக்காலத்தில் கரையேற்றிப் பழுது பார்க்கும் பழைய வழக்கத்தைக் கைவிடலாகாது.

1964 டிசம்பர் 22ஆம் நாள் வீசிய பெரும் புயல் திருகோணமலையைத் தாக்கி, அன்றிரவே தனுஷ்கோடியை அழித்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இக்கரையின் வள்ளங்களை ஊர்களுக்குள் தூக்கி எறிந்தது. அப்போது உலகெங்குமிருந்து புதிய படகுகள் கொடையாக வந்தன. கொடுத்தவர் நெஞ்சம் பெரிது. ஆயினும் வந்தவை யாவும் இக்கடலுக்கு ஏற்றவையாக அமையவில்லை. படகைப் பிறர் கொடுக்கலாம். அதனைத் தட்டிப் பார்த்து ஒலி அறியும் செவியை எவரும் கொடுக்க இயலாது. அது ஒரு தலைமுறை மறு தலைமுறைக்குக் கற்றுத்தர வேண்டிய செல்வம்.

திருகோணமலைக்குச் செல்லும் நேயர்கள் கோட்டையைப் பாருங்கள்; கோணேசரை வணங்குங்கள். பின்னர் மாலைப் பொழுதில் சிறிது நேரம் நீரோரமாகவும் நில்லுங்கள். கடலிலிருந்து திரும்பிய ஒருவர் இருள் சூழுமுன் தம் படகைக் கழுவிக்கொண்டிருப்பார். அப்படகு அவருக்கு மட்டும் உரியதாக இல்லாமலும் இருக்கலாம். நொக்ஸ் தேடி வந்த பாய்மரமும், சஃப்ரன் எண்ணிய பாய்மரங்களும், 25 ஆண்டுகள் கூரையின் கீழ் காத்திருந்த தேக்குக் கப்பலும் நமக்குக் கூறுவதை அவர் தம் கைகளால் கூறிக்கொண்டிருப்பார். கலம் கடலில் ஓடுவது சில நாழிகை. அது ஓடுவதற்கு உரிய தகுதியைப் பெறுவது கரையில்.